நடுவழியில் வரும் வீடு

நெடுந்தூரம் சைக்கிளில் போய்வந்தேன் என்றால் எல்லோரும் மலையேற்றத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இல்லாவிட்டால் மழை, கரடி, பங்க்சர். ஏற்றம் எங்கே வரும் என்று வரைபடமே சொல்லிவிடும், தெரிந்துதான் போகிறோம். யாரும் எச்சரிக்காத இடம் ஒன்று உண்டு, சொந்த ஊர். பயணத்தின் நட்டநடுவில் உங்கள் வீடு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் ரசம் கொதிக்கிறது, சொந்த மெத்தை விரித்திருக்கிறது, பிரிக்காத தபால் குவிந்து கிடக்கிறது. அங்கிருந்து மறுபடி சைக்கிளை எடுத்துக் கிளம்ப எந்த மலைக்கும் வேண்டாத தெம்பு வேண்டும்.

நாங்கள் நாலு பேர்: நான், மேரிலாண்டில் இருக்கும் என் கல்லூரித் தோழி, அவள் கணவர், என்னோடு வேலை பார்க்கும் ஓர் அமெரிக்கப் பெண். ஜூன் மாதத்தில் வாஷிங்டனின் பேஸ்பால் மைதானமான நேஷனல்ஸ் பார்க் வாசலில் தொடங்கி, என் ஊரான பிட்ஸ்பர்க்கின் பி.என்.சி. பார்க் வழியாக, கிளீவ்லாண்டின் ப்ரோக்ரஸிவ் ஃபீல்டில் முடிப்பதாகத் திட்டம். மூன்று ஊரிலும் ஆளுக்கொரு டிக்கெட் எடுத்து பேஸ்பால் ஆட்டம் பார்ப்பது. வழிநெடுக ஏ.எல்.எஸ். நோயாளிகளுக்காகப் பணம் திரட்டுவது. மோட்டார் வைத்த சக்கர நாற்காலி, கண்ணசைவால் எழுத்தைத் தேர்ந்து பேச உதவும் கருவி போன்றவற்றை நோயாளிகளின் வீட்டுக்கு இரவலாகக் கொடுத்து, தேவை முடிந்ததும் அடுத்தவருக்கு மாற்றித் தரும் ஓர் அமைப்புக்குத்தான் அந்தப் பணம்.

தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் நோய் ஏ.எல்.எஸ். பேஸ்பால் உலகம் அதை மறக்க முடியாது. நியூயார்க் யாங்கீஸ் அணியின் லூ கெரிக் 2,130 ஆட்டங்கள் ஒன்றுகூட விடாமல் ஆடியவர். 1939-இல் இந்த நோய் அவரை மைதானத்தைவிட்டு வெளியேற்றியது, 1941 ஜூன் 2 அன்று 37 வயதில் இறந்தார். அமெரிக்காவில் இன்றைக்கும் ‘லூ கெரிக் நோய்’ என்று சொன்னால்தான் பலருக்கு விளங்கும். எங்களுக்கான காரணம் வரலாற்றில் இல்லை, பக்கத்து வீட்டில் இருந்தது. நான் பிட்ஸ்பர்க்குக்குக் குடிவந்த புதிதில், திண்ணையில் ரேடியோவை வைத்துக்கொண்டு ஆட்டம் கேட்டபடியே எனக்குப் பேஸ்பால் சொல்லிக்கொடுத்த பெரியவருக்கு இப்போது அந்த நோய். கை போய், கால் போய், பேச்சும் குழறத் தொடங்கியிருந்தது. எங்கள் ஊர் பைரேட்ஸ் அணியைத் திட்டுவது மட்டும் தெளிவாக வரும்.

முதலில் தேதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் பிரிவான மேஜர் லீகில் ஓர் அணி ஒரு பருவத்தில் ஆடும் 162 ஆட்டங்களில் பாதி வெளியூரில். நீங்கள் நாளெல்லாம் மிதித்து வந்துசேரும்போது அணி ஊரில் இல்லையென்றால் பூட்டிய கேட்டைப் படம் எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். கிளம்பும் தேதியை முடிவுசெய்துவிட்டு ஆட்டம் தேடாதீர்கள். நடுவில் இருக்கும் ஊரின் ஆட்டத்தை முதலில் பிடியுங்கள். அதுவும் ஞாயிறு மதிய ஆட்டமாகப் பாருங்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அங்கிருந்து முன்னாலும் பின்னாலும் எண்ணினால் மற்ற இரண்டு ஊரும் பெரும்பாலும் பொருந்திவரும். சொந்த ஊருக்கு முந்தைய பகுதியில் ஒரு நாளைக் காலியாக விட்டுவையுங்கள். ஹோட்டலில் இறங்கப்போகிறவர் தாமதமானால் யாருக்கும் நஷ்டமில்லை. சொந்த ஊரில் ஐம்பது பேர் காத்துக்கொண்டிருப்பார்கள்.

வாஷிங்டனிலிருந்து பிட்ஸ்பர்க் வரை காரே வராத பாதை உண்டு. பொட்டோமாக் ஆற்றை ஒட்டிப் பழைய கால்வாய்க் கரையில் கம்பர்லாண்ட் வரை 184.5 மைல், மண்பாதை, மழை பெய்தால் சேறு. அங்கிருந்து பழைய ரயில் தடத்தில் ‘கிரேட் அலகேனி பாசேஜ்’ 150 மைல், பொடிச் சுண்ணாம்புக்கல் பரப்பிய பாதை. ரயில் ஏறிய சரிவு என்பதால் மூச்சு முட்டாது. 2,392 அடி உயரத்தில் நீர்பிரி மேட்டைத் தாண்டிவிட்டால் பிட்ஸ்பர்க் வரை இறக்கம்தான். பிக் சாவேஜ் சுரங்கத்துக்குள் ஜூனிலும் குளிரும், ஒரு மேல்சட்டை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இந்தப் பாதையைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம், நான் நேரே ஊர் வாசலுக்குப் போகிறேன்.

ஊருக்குள் நுழைவதற்கு முந்தைய இரவை வெஸ்ட் நியூட்டனில் தங்கினோம். பிட்ஸ்பர்க் அங்கிருந்து முப்பத்துச் சொச்சம் மைல்தான். இன்னும் கொஞ்சம் மிதித்தால் வீடு, வீட்டில் வெந்நீர். என் கணவரே போனில், “இவ்வளவு தூரம் வந்துட்டு ஏன் அங்க தங்கணும்?” என்றார். ஆனால் இருட்டில் களைத்துச் சேறோடு வந்து இறங்கினால் அது வெறும் வீடு திரும்பல். காலை பத்து மணிக்குக் குளித்த முகத்தோடு வந்தால் அது நிகழ்ச்சி. நன்கொடை தருபவர்கள் பார்க்க விரும்புவதும், பக்கத்தில் மிதித்துவர விரும்புவதும் இரண்டாவதைத்தான்.

கூட மிதிக்க வருபவர்களை ஹோம்ஸ்டெட் பக்கத்துப் பழைய பம்ப் ஹவுஸ் வாசலில் கூடச் சொன்னோம். 1892-இல் கார்னகி எஃகு ஆலைத் தொழிலாளர்களுக்கும் முதலாளி கொண்டுவந்து இறக்கிய பிங்கர்டன் காவலாட்களுக்கும் மோதல் நடந்த ஆற்றங்கரை அது. கார் நிறுத்த இடம் உண்டு. அங்கிருந்து நகர்முனைவரை எட்டு ஒன்பது மைல், பெரும்பாலும் சமதளம். பத்து வயதுப் பிள்ளைகள்கூட வரலாம். ‘எங்கே வேண்டுமானாலும் வந்து சேர்ந்துகொள்ளுங்கள்’ என்றால் ஒருவரும் வர மாட்டார்கள். ஓர் இடம், ஒரு நேரம், எவ்வளவு தூரம், முடிந்ததும் காருக்கு எப்படித் திரும்புவது: இந்த நாலையும் எழுதி அனுப்பியதும் எங்கள் தமிழ்ச் சங்கத்துக் குடும்பங்கள், அலுவலகத்து ஆட்கள், பெரியவரின் பழைய மாணவர்கள் என்று ஒரு படையே வந்து நின்றது. முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசி ஆளிடம் பம்ப்பும் இரண்டு அளவுகளில் ட்யூபும். பிள்ளைகளின் சைக்கிள் டயர் அளவு பெரியவர்களுடையது இல்லை என்பது அங்கே போன பிறகு நினைவுக்கு வரக்கூடாது.

ஹோம்ஸ்டெட்டைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணம், அது பேஸ்பால் ஊர். எஃகு ஆலைத் தொழிலாளர்களிடமிருந்து முளைத்த ஹோம்ஸ்டெட் கிரேஸ், கறுப்பின வீரர்களுக்கு மேஜர் லீக் கதவு மூடியிருந்த காலத்தின் மாபெரும் அணி. 1940-களில் அந்த அணி பிட்ஸ்பர்க்கிலும் வாஷிங்டனிலும் மாறிமாறி ஆடியது, இரண்டுமே சொந்த மைதானம். அதன் கேட்சர் (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் மாதிரி) ஜோஷ் கிப்சனின் சிலை நேஷனல்ஸ் பார்க்கில் இருக்கிறது. எங்கள் பயணம் தொடங்கியது அந்தச் சிலையின் காலடியில். அந்தக் கதவைத் திறந்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரலில் மேஜர் லீகில் கால்வைப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, ஜனவரியில், 35 வயதில் கிப்சன் இறந்துபோனார். 2024 மே மாதம் கறுப்பின வீரர்கள் ஆடிய நீக்ரோ லீக்குகளின் கணக்குகள் மேஜர் லீக் ஏடுகளில் சேர்க்கப்பட்டபோது 0.372 மட்டையடிச் சராசரியுடன், அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப்பைத் தாண்டி எல்லாக் காலத்துக்கும் முதல் இடம் அவருடையதானது. அந்த அணியின் பெயர் தாங்கிய பாலம் தெரியும் இடத்தில் நிறுத்தி இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். இரண்டு ஊரைச் சொந்தமாக வைத்திருப்பது எப்படி என்று அங்கிருந்த எங்களில் பாதிப் பேருக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு பையன், “பைரேட்ஸ்ல இந்தியாக்காரங்க யாராச்சும் ஆடியிருக்காங்களா ஆன்ட்டி?” என்று கேட்டான். 2008-இல் ஒரு போட்டியில் தேறிய ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு ஈட்டியெறி வீரர்களைப் பைரேட்ஸ்தான் ஒப்பந்தம் செய்தது. மேஜர் லீக் வரை அவர்கள் எட்டவில்லை. ரிங்கு பிற்பாடு மல்யுத்தத்துக்குப் போய் வீர் மஹான் ஆனார் என்றதும் பையனுக்குப் பேஸ்பால் மறந்துவிட்டது.

ஹாட் மெட்டல் பாலத்தில் ஆற்றைக் கடந்து, மாவட்டச் சிறையை ஒட்டிப் போவதால் ஊரில் எல்லோரும் ஜெயில் டிரெயில் என்று அழைக்கும் பாதை வழியாக, இரண்டு ஆறுகள் கூடி ஒஹையோ ஆறாகும் முனைக்கு வந்துசேர்ந்தோம். படங்கள், கட்டியணைப்புகள், இட்லிப் பொட்டலங்கள்.

இதற்கப்புறம்தான் வீடு. வெளியூரில் நீங்கள் பயணி. வீட்டில் நீங்கள் அம்மா, மருமகள், குழாய் ஒழுகினால் பதில்சொல்ல வேண்டியவள். அத்தை என்னைப் பார்த்ததும், “என்னம்மா இப்படிக் கருத்துப்போய் வந்திருக்க, போதும் போதும், இதோட நிறுத்திக்கோ” என்றார். பையன் கோடை முகாமுக்கான படிவத்தை நீட்டினான். இதெல்லாம் வரும் என்று தெரிந்து முன்கூட்டியே சில கறார்களை வைத்திருந்தோம். தபாலைத் தொடுவதில்லை. சைக்கிளின் பக்கப் பைகளிலிருந்து அழுக்குத் துணியைத் தவிர வேறெதையும் வெளியே எடுப்பதில்லை; எடுத்தால் ஒன்றிரண்டு கட்டாயம் வீட்டிலேயே தங்கிவிடும். பைகள் வாசல் பக்கத்திலேயே இருக்கும். நானும் மற்ற மூவரோடு கூடத்தில் பாய் போட்டுத்தான் படுத்தேன். என் கணவருக்கு இது பெரிய நாடகமாகத் தோன்றியது. தோன்றட்டும். நாலு பேரில் ஒருத்தி மட்டும் மெத்தைக்குப் போனால் அவள் பயணத்தைவிட்டு ஒரு கால் வெளியே வைத்துவிட்டாள் என்று அர்த்தம். விருந்துக்குக் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: சனிக்கிழமை மாலை ஒரு கூடல், அங்கே வாருங்கள், சாப்பாடு கொண்டுவாருங்கள். வீடுவீடாகப் போனால் கிளம்பும் நாளில் சைக்கிள் அல்ல, வயிறுதான் கனக்கும்.

சைக்கிள்களை வந்த அன்றே கடையில் விட்டோம். ஜூனில் சைக்கிள் கடைகளில் மூச்சுவிட நேரமிருக்காது. பல வாரங்களுக்கு முன்பே சொல்லி வைத்திருந்ததால் இடம் கிடைத்தது. சொந்த ஊரில் நிற்பதன் பெரிய லாபமே தெரிந்த மெக்கானிக்தான். கால்வாய்க் கரை மண்ணும் சுண்ணாம்புப் பொடியும் எண்ணெயில் கலந்து உப்புத்தாள் போலச் செயினைத் தேய்க்கும். தேய்மானம் அரை சதவீதத்தைத் தொட்டிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் பல்சக்கரங்களையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். பிரேக் கட்டைகளைக் கண்ணால் பாருங்கள், ‘நன்றாகத்தான் பிடிக்கிறது’ என்பதை நம்பாதீர்கள், ஏனென்றால் இதுவரை வந்தது இதமான ரயில் சரிவு, இனி வருவது கிழக்கு ஒஹையோவின் செங்குத்து இறக்கங்கள். கழுவும்போது அழுத்தக் குழாய் வேண்டாம், பேரிங்குகளுக்குள் தண்ணீர் போகும்.

சனிக்கிழமைக் கூடலை மண்டபத்தில் வைக்காமல் ஓக்லாண்டில் பழைய ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் சுவர் பக்கம் வைத்தோம். 1909 முதல் 1970 வரை பைரேட்ஸ் ஆடிய மைதானம். இடித்து பல்கலைக்கழகக் கட்டடங்கள் வந்துவிட்டன. வெளிமதிலின் ஒரு துண்டு மட்டும் கொடிபடர்ந்து நிற்கிறது. 1960 அக்டோபர் 13 அன்று, சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில், பைரேட்ஸின் பில் மஸரோஸ்கி அடித்த பந்து இடப்பக்க மதிலைத் தாண்டியது. 10–9. யாங்கீஸ் அந்தத் தொடரில் மொத்தம் 55 ஓட்டங்கள் எடுத்தது, பைரேட்ஸ் 27, கோப்பை பைரேட்ஸுக்கு. வருடாவருடம் அதே நாளில் ஆட்கள் அந்தச் சுவரடியில் கூடி, அன்றைய வானொலி வர்ணனையைத் திரும்பப் போட்டுக் கேட்கிறார்கள். தெரிந்த முடிவை ஒவ்வொரு முறையும் தெரியாததுபோலக் கேட்பது. தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவளுக்கு இது புதிதில்லை. பெரியவருக்கு அப்போது பத்து வயது. வகுப்பில் ரேடியோ ஓடியதாம். அதை அவர் குழறிக் குழறிச் சொன்னார், மனைவி வாக்கியங்களை முடித்துவைத்தார், சில இடங்களில் தப்பாக முடித்ததற்கு அவரிடம் முறைப்பும் வாங்கினார். நோயைப் பற்றி நாங்கள் தயாரித்துவைத்திருந்த உரையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டோம். அன்றைக்கு வந்த பணம் முழுப் பயணத்திலும் வேறெந்த நாளும் வராத தொகை.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டும். காசோலை அமைப்பின் பெயருக்கே எழுதப்பட வேண்டும், உங்கள் பெயருக்கு வேண்டாம். அப்போதுதான் கொடுப்பவருக்கு வரிச்சலுகை ரசீதும் கிடைக்கும், அவர் வேலைபார்க்கும் நிறுவனம் அதே தொகையைத் தன் பங்காகச் சேர்க்கும் வாய்ப்பும் இருக்கும். எங்கள் டயர், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் எங்கள் கைக்காசு என்பதை முதலிலேயே சொல்லிவிட்டோம். குலுக்கல் சீட்டு வைக்கலாம் என்று ஒருவர் ஆசைப்பட்டார். பென்சில்வேனியாவில் அதற்கு உரிமம் வேண்டும், தகுதியுள்ள அமைப்புகளுக்குத்தான் அதுவும் கிடைக்கும். விட்டுவிட்டோம்.

அதற்குப் பதிலாக, ஆட்டத்தில் இன்னது நடந்தால் இவ்வளவு தருகிறேன் என்று நன்கொடை வாக்கு வாங்கினோம். பலரும் முதலில் நினைப்பது ஹோம் ரன், மதிலைத் தாண்டும் அடி. ஒரு ஹோம் ரனுக்கு இருபது டாலர் என்பார்கள். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக ஒன்றுதான் அடிக்கும், பல நாள் அதுவும் இல்லை. ஸ்ட்ரைக்அவுட்டுக்கு, அதாவது மட்டையாளர் மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பதற்கு, கேளுங்கள். இப்போதைய பேஸ்பாலில் ஓர் அணிக்கு எட்டுக்குக் குறையாமல் ஸ்ட்ரைக்அவுட் விழுகிறது. இரண்டு அணியையும் சேர்த்தால் பதினாறு பதினேழு. இரண்டு டாலர் என்று வாக்குக் கொடுத்தவர் முப்பத்துச் சொச்சம் தருவார், சிரித்துக்கொண்டே தருவார். நம்முடைய அணி மோசமாக ஆடினாலும் பணம் வரும் என்பது பிட்ஸ்பர்க்கில் சாதாரண வசதி இல்லை. 1993 முதல் 2012 வரை இருபது பருவங்கள் தொடர்ந்து தோல்விக் கணக்கோடு முடித்த அணி இது. மழையால் ஆட்டம் தள்ளிப்போனால் எந்த ஆட்டம் கணக்கு, அதிகபட்சம் எவ்வளவு என்பதையும் வாக்கு எழுதி வாங்கும் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். வசூலை அன்றைக்கே முடியுங்கள். ஒரு வாரம் போனால் வாக்கு ஆறிவிடும்.

ஞாயிறு மதியம் பெரியவரோடு மைதானத்துக்குப் போனோம். சக்கர நாற்காலி இடமும் பக்கத்தில் துணைக்கு உட்காரும் இடமும் குறைவு, இதை மற்ற எல்லா டிக்கெட்டுக்கும் முன்னால் எடுங்கள். ஆட்ட நாட்களில் ரொபர்ட்டோ கிளெமென்டே பாலத்தில் கார்களை நிறுத்திவிடுகிறார்கள். அந்த மஞ்சள் பாலத்தின் நடுச்சாலையில் அவர் நாற்காலி முழு வேகத்தில் போயிற்று, நாங்கள் பின்னால் ஓடினோம். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுகிற மைதானம் என்பதால் பென் ஹில்ஸ் வேங்கடேஸ்வரா கோயிலிலிருந்து வாங்கிவந்த புளியோதரை மூன்றாவது இன்னிங்ஸில் கைமாறியது.

வலப்பக்க மதிலின் உயரம் 21 அடி. பாலத்துக்குப் பெயர் தந்தவரும் அந்தப் பக்கம் காவல்காத்த பைரேட்ஸ் வீரருமான கிளெமென்டேயின் சட்டை எண் அது. 1972 செப்டம்பர் 30 அன்று தன் 3,000-வது ஹிட்டை (பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் பேஸை எட்டுவது) அடித்தார். அதுதான் பருவ ஆட்டங்களில் கடைசி ஹிட்டாகவும் அமைந்தது. டிசம்பரில் நிக்கராகுவாவின் மனாகுவாவில் நிலநடுக்கம். அனுப்பிய நிவாரணப் பொருட்கள் மக்களிடம் போய்ச்சேரவில்லை என்று கேள்விப்பட்டு, தானே கூடப் போனால்தான் சரிப்படும் என்று டிசம்பர் 31 இரவு விமானம் ஏறினார். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய விமானம் போர்ட்டோ ரிக்கோ கடலில் விழுந்தது. இந்த ஊரில் தர்மத்துக்குப் பணம் கேட்கிறவரை, ‘இது யார் கைக்குப் போகும்?’ என்று கேட்காமல் விட மாட்டார்கள். கிளெமென்டேயின் கதை தெரிந்தவர்களிடம் அந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள முடியாது. இரவலாகக் கொடுத்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து ஒருவர் நடுவரைத் திட்டிக்கொண்டிருந்ததைக் காட்டினோம்.

ஞாயிறு மதிய ஆட்டம் ஏன் என்றால், அது சாயங்காலத்துக்குள் முடியும், சைக்கிளைக் கடையிலிருந்து எடுக்கலாம், சீக்கிரம் படுக்கலாம். திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் வேலை. வழியனுப்பக் கூட்டம் சேராது. வழியனுப்பு விழா வைத்தால் கிளம்பவே பத்து மணியாகும், வெயில் ஏறிவிடும். ஆறு மணிக்கு அத்தை கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வெளியேறினோம். இன்னொரு விஷயம்: சொந்த ஊரைவிட்டுப் போகும் முதல் நாளைச் சிறியதாக வையுங்கள். கார்னகி பக்கத்தில் தொடங்கும் பான்ஹேண்டில் பாதை 29 மைல், மேற்கு வர்ஜீனியாவின் வியர்டன் வரை. அதோடு அன்றைய வேலை முடிந்தது. ஒஹையோ ஆற்றைத் தாண்டிய பிறகு வந்த குன்றுகளில் புதுப் பிரேக் கட்டைகள் விலைக்கு உழைத்தன. மாசிலனில் மறுபடி ஒரு கால்வாய்க் கரைப் பாதை ஏறியதும் அக்ரன் வழியாகக் கிளீவ்லாண்ட் வரை நிம்மதி. அக்ரனில் ரப்பர்டக்ஸ் என்ற சின்ன லீக் அணியின் மைதானம் கால்வாயை ஒட்டியே இருக்கிறது.

கிளீவ்லாண்ட் ஆட்டத்துக்கும் ஸ்ட்ரைக்அவுட் வாக்குக் கேட்டுப் பெரியவருக்குப் போன் போட்டேன். வேற்று லீக் அணிக்கு ஒரு சென்ட்கூடத் தர முடியாது என்று தெளிவாகச் சொன்னார். பின்னணியில் அவர் மனைவியின் குரல்: “என் பேர்ல மூணு டாலர் போட்டுக்கோ, இவர்கிட்ட சொல்லாதே.”